பார்வையாளர் நேரம்

கிரேயம் கையில் ஒரு காகிதப் பையோடு வார்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது சந்திரவதனா மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பையின் வாயில் நீலக் கோடு போட்ட பைஜாமாவின் கழுத்து தெரிந்தது. அதை அவளே எத்தனையோ முறை கொடியிலிருந்து எடுத்து மடித்திருக்கிறாள். அவன் சவரம் செய்திருக்கவில்லை. கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் பூட்டியிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

"வதனா, நல்ல வேளை, நீ இருக்கிறாய். லெஸ்ஸைப் பார்க்க விடமாட்டோம் என்கிறார்கள். நீ கொஞ்சம் சொல்லு."

முந்தின நாள் லெஸ் வேலை செய்யும் பேக்கரியில் மாரடைப்பு வந்து விழுந்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று மத்தியானமே பாதர்ஸ்டிலிருந்து அவருடைய தங்கை ரயில் ஏறி வந்துவிட்டாள். அண்ணனோடு பேசிப் பல வருடங்கள் ஆனவள். தலைமைத் தாதி மிசிஸ் மொரிசனைத் தனியே கூப்பிட்டு, குடும்பத்தார் தவிர வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது, முக்கியமாகக் கிரேயம் என்று ஒருவன் வருவான், அவனை விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கட்டளை வார்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சந்திரவதனாவுக்கும் தெரியும்.

"உனக்கு இவரைத் தெரியுமா?" என்று மிசிஸ் மொரிசன் கேட்டாள். மேசையின் மறுபக்கம் டொக்டர் சச்சிதானந்தன் நோயாளி ஒருவரின் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனையை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டார்.

"ஆர் உது, தங்கச்சி?"

"எனக்குத் தெரியாது, டொக்டர்."

அதையே மிசிஸ் மொரிசனுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குத் தேவை இருக்கவில்லை. கிரேயத்துக்குத் தமிழில் பத்துச் சொல்லாவது தெரியும். அவற்றில் ஒன்று 'தெரியாது'. ஒரே வீட்டில் இருந்த நாட்களில், கதவுத் திறப்பு எங்கே, தேயிலை டப்பா எங்கே என்று அவள் குசினியில் கேட்டபோதெல்லாம் அவள் கணவன் தேவராஜா சொல்லிச் சொல்லி அவனும் பழகிய சொல். அவன் பையை மேசைமேல் வைத்தான். "இதையாவது அவருக்குக் கொடுத்துவிடுங்கள், நர்ஸ்" என்று மிசிஸ் மொரிசனைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். சத்தம் போடவில்லை. போட முடியாது. லெஸ்ஸுக்கு இவன் யார் என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் ஆசிரியர் வேலை போய்விடும். ஆணும் ஆணும் சேர்வது அங்கே அப்போது குற்றம்; விஷயம் பொலீசுக்கும் போகலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன், எழுபத்துநாலாம் ஆண்டு, அவளும் தேவராஜாவும் சிட்னியில் வந்திறங்கி வீடு தேடி அலைந்தார்கள். தொலைபேசியில் 'வாருங்கள்' என்ற குரல், கதவு திறந்து இவர்களைப் பார்த்ததும் 'இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்' என்றது. எல்லாக் கதவிலும் அதே வசனம். கடைசியில் டார்லிங்ஹேர்ஸ்டில், ஒக்ஸ்ஃபோர்ட் வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், கையெல்லாம் மாவோடு லெஸ் கதவைத் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார். "மாடிப்படி ரொம்பச் செங்குத்து. சேலையோடு ஏறுவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

றோட்டை அகலமாக்க இடிக்கப்போகிறார்கள் என்று சொல்லி எல்லாரும் விட்டுப்போன வீடுகள் அவை. லெஸ்ஸையும் கிரேயத்தையும் போன்ற ஆண்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சுவரைச் சுரண்டிப் பூசி, துருப்பிடித்த பால்கனிக் கம்பிகளுக்கு வண்ணம் அடித்துக் குடியிருந்தார்கள். மூலையில் கிரேக்கக் கிழவரின் பழக்கடை. எதிரே இத்தாலிக்காரரின் சலூன். ஓய்வூதியத்தில் வாழும் தனிக் கிழவிகள். எந்நேரமும் யாராவது படியில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற இடங்களில் அவளைக் கண்டதும் ஆட்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அல்லது முறைப்பார்கள். இங்கே பெண்ணுடுப்புப் போட்ட ஓர் உயரமான ஆண் அவளை வழியில் மறித்து, அந்தக் கொசுவம் எப்படி அவிழாமல் நிற்கிறது என்று அக்கறையாகக் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல்தடவை. வேறெங்கும் கதவு திறக்காதவர்கள் சேர்ந்து உண்டாக்கிய இடம் என்பதால்தான் அங்கே கதவுகள் திறந்திருக்கின்றன என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. சிட்னி இப்படித்தான் போல என்று நினைத்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில், வயிற்றில் நாலு மாதமாக இருந்தது கலைந்தது. தேவராஜா தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். கிரேயம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியால் இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தாதி "நீங்கள் யார்?" என்று கேட்டாள். "அண்ணன்" என்றான். அவள் அவனுடைய வெள்ளை முகத்தையும் இவளுடைய கறுத்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவை விட்டு விலகி நின்றாள். தேவராஜா வரும்வரை கிரேயம் சந்திரவதனாவின் கையை விடவில்லை. வீடு திரும்பியபோது லெஸ் மெத்தையைக் கழுவிக் காயவைத்துப் புது விரிப்புப் போட்டிருந்தார்.

பிறகு தேவராஜாவுக்குப் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது. ஹோம்புஷில் புல்வெளியோடு ஒரு வீட்டுக்கு மாறினார்கள். சிட்னித் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களுக்கெல்லாம் பெரியவர் டொக்டர் சச்சிதானந்தன். சந்திரவதனாவுக்கு இந்த வேலை கிடைத்ததும் அவர் சொல்லித்தான். முதல் விருந்தில் அவர் மனைவி "முந்தி எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டபோது தேவராஜா தடுமாறாமல் சொன்னான், "கிங்ஸ்ஃபோர்டிலை, ஒரு கிரேக்க மனிசியின்ரை வீட்டிலை." ஒக்ஸ்ஃபோர்ட் வீதிப் பக்கம் குடும்பத்தோடு தலைகாட்ட ஏலாது என்று அங்கே யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கிரேயம் வந்துபோன அடுத்த நாள் அவள் லெஸ்ஸின் கட்டிலுக்குப் போனாள். மற்றவர்கள் தேநீருக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் போனாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளை அடையாளம் கண்டு விரல்களை அசைத்தார்.

"கிரேயம் வந்தானா?"

"ஓம், வந்தவர்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் திருத்தினாள். "வந்தார். நீங்கள் நல்ல நித்திரை. எழுப்பவேண்டாம் என்று சொல்லிப் பக்கத்திலேயே இருந்தார்."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

லெஸ் கண்களை மூடிக்கொண்டார். பொய் அவ்வளவு இலகுவாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. அந்த நேரத்தில் வார்டு காலியாக இருந்தது. கீழே போய்த் தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டுப் பின்பக்கப் படியால் ஏற்றியிருக்கலாம். நடந்து வரும் தூரம்தான். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது கட்டிலில் வேறு ஆள் கிடந்தார். உடலைத் தங்கை பாதர்ஸ்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வீட்டில் தேவராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீர் என்ன செய்யிறது? றூல் அப்பிடி."

"அது றூல் இல்லையப்பா. தெரியாது எண்டு சொன்னது நான்."

"ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்" என்றான். ஆனால் அன்று அந்த ஒழுங்கை முனையில் காரை நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். "நீர் போட்டு வாரும். நான் இதுக்குள்ளை இருக்கிறன்."

ஒழுங்கையில் பகல் வெளிச்சம் பளீரென்று அடித்தது. கதவு திறந்துதான் கிடந்தது. முன்னறையில் பெட்டிகள் பாதி கட்டியபடி கிடந்தன. வீடு லெஸ்ஸின் பெயரில் இருந்தது. தங்கை விற்கப்போகிறாள். கிரேயம் நிலத்தில் சம்மணமிட்டிருந்து கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழும்பவில்லை, போகச் சொல்லவுமில்லை.

அவள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். வழியெல்லாம் ஆங்கிலத்தில் வசனங்களைக் கூட்டி வைத்திருந்தாள்.

"அவர் என்னைக் கேட்டாரா?" என்றான் கிரேயம்.

"கேட்டார்." பிறகு சொன்னாள். "நீ வந்தாய் என்று சொன்னேன். அவர் நித்திரை, நீ பக்கத்தில் இருந்தாய் என்று சொன்னேன்."

அவன் கையிலிருந்த தாள் கசங்கியது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"என்ன?"

"எந்தப் பக்கம் இருந்தேன்?"

"ஜன்னல் பக்கம்" என்றாள். "அங்கே ஒரு கதிரை இருக்கிறது. அவர் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது."

"ஜன்னல் பக்கம்" என்று அவன் மெல்லத் திருப்பிச் சொன்னான். "அதற்கு அவர் என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரமா என்று கேட்டார்."

கிரேயம் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவள் கிட்டப் போகத் துணியவில்லை. மன்னித்தேன் என்றும் அவன் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் எழுந்து முகத்தைத் துடைத்தான். "வெளியே ஆட்கள் வருகிறார்கள். பாதர்ஸ்டில் அடக்கத்துக்கு எங்களைக் கிட்ட விடவில்லை. அதனால் லெஸ்ஸுக்கு இங்கே அஞ்சலி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

அவளும் பின்னால் போனாள். ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழக்கடைக் கிழவர் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். இத்தாலிக்காரர் சலூன் பெஞ்சை ஒரு முனையில் பிடிக்க, பேக்கரிப் பையன்கள் மறுமுனையைப் பிடித்திருந்தார்கள். கால் ஆடும் கதிரை, மெத்தை கிழிந்த கதிரை, குசினி முக்காலி எல்லாம் தாரில் உரசி வந்து வரிசையில்லாமல் நின்றன. ஒரு கிழவி தன் கதிரையைத் தூக்க முடியாமல் நின்று மூச்சு வாங்கினாள். பக்கத்தில் நின்ற சந்திரவதனாவின் பக்கம் அதைத் தள்ளினாள், "எங்கேயாவது போடு, மகளே" என்று.

சந்திரவதனா அதைத் தூக்கினாள். முன்னால் கிரேயத்துக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. ஒழுங்கை முனையில் காருக்குள் தேவராஜாவின் தலை தெரிந்தது. கதிரையின் கால்கள் முழங்காலில் இடிக்க, அவள் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.