பச்சை ஒட்டு உண்ணி

என் கணவர் உண்ணி ஆராய்ச்சியாளர். மாட்டுக் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறதே, அந்த உண்ணிதான். அதன் வயிற்றுக்குள் வாழும் கிருமிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் மூடமாட்டார். உண்ணிக்குச் சத்து தயாரித்துக் கொடுக்கும் நல்ல கிருமி ஒன்று உண்டாம். அது இருக்கும் வயிற்றில் காய்ச்சல் கிருமி காலெடுத்து வைக்காதாம். இந்தக் கண்டுபிடிப்புக்கு ஊர் ஊராகப் போய்க் கைதட்டல் வாங்கி வந்தார்.

கண்டுபிடித்த லட்சணத்தை நான் சொல்கிறேன். அதே ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கும் வேலை. உண்ணியை அரைத்து, முதலில் நல்ல கிருமியைத் தேடுவார். இருந்தால் குழாயில் 'நல்லது' என்று பச்சை ஒட்டுச்சீட்டை ஒட்டிக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுவார். காய்ச்சல் கிருமிக்கான சோதனையைச் செய்யவே மாட்டார். கேட்டால், "அதான் நல்லது இருக்கே, அப்புறம் எதுக்கு வீண் வேலை?" என்பார். தேடாத பொருள் கிடைக்கவில்லை என்று பெருமையடிக்க இவரால்தான் முடியும்.

உண்ணிகள் எல்லாம் பச்சை ஒட்டு வாங்கிய பண்ணையிலிருந்து உயிரோடு கொண்டுவந்த உண்ணி ஒன்று அவர் தொடையில் கடித்தது. நான்தான் இடுக்கியால் பிடுங்கி, குழாயில் போட்டு வைத்தேன். அடுத்த வாரம் காய்ச்சல் கொதித்தது. மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள்.

"உண்ணிக் காய்ச்சல்தான். உடனே மாத்திரையை ஆரம்பிங்க. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

"இது பச்சை ஒட்டு உண்ணி டாக்டர். இதுல காய்ச்சல் வராது" என்றார் இவர், பல் கிடுகிடுக்க.

நான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி அந்த உண்ணியை அரைத்தேன். இரண்டு சோதனையும் செய்தேன். இரண்டு கிருமியும் ஒரே வயிற்றில் அக்கா தங்கை போல ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"வேற உண்ணியை அரைச்சிருப்பே" என்றார்.

"உங்க தொடையில புடுங்கினதுதாங்க. நான் வேற யார் தொடையில போய்ப் புடுங்கப் போறேன்?"

மாத்திரையைக் கையில் எடுத்தேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எவ்வளவு முட்டாளாக இருந்தாலும் இந்த மனுஷனை இழக்க எனக்குத் தைரியமில்லை.

"வாயைத் திறங்க."

திறந்தார். விழுங்கினார். "வெளியில சொல்லிடாதே" என்றார்.

காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "நல்ல கிருமி இருந்ததாலதான் பிழைச்சேன்னு ஒரு கட்டுரை எழுதலாமா?"

பச்சை ஒட்டுக் குழாய்கள் அத்தனையையும் அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "இதெல்லாத்துலயும் காய்ச்சல் கிருமியைத் தேடிட்டு எழுதுங்க."

சாவுக்குப் பயப்படாதவர். முதல் குழாயைத் திறக்க இன்னும் கை வரவில்லை.