வாயாடி பேசாமல் போன வாரம்

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. அண்ணி யாரிடமோ போனில் புலம்பியதை ஒட்டுக்கேட்டதில் வந்தது. அண்ணி ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அறிவுச்சுடர் ஏற்றும் அந்த ஆசிரியையின் கண்களில்...'

அண்ணி படித்துப் பார்த்தார். "என் கண்ணுல அன்னைக்குத் தூக்கம்தான் இருந்துச்சு. அடிச்சிடு."

அடித்துவிட்டேன்.

2

அவர் வகுப்பில் சிலர் கேள்வி முடிவதற்குள் விடையோடு நிற்பார்கள். சிலருக்குக் கேள்வியே பிடிபடாது. எல்லாருக்கும் சேர்த்து இருப்பதோ ஒரே கரும்பலகை. ஆகவே அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்து, சுற்றளவு பரப்பளவுப் பாடத்துக்கு மூன்று வகைப் பயிற்சித்தாள் தயாரித்தார். பச்சை கடினம், மஞ்சள் நடுத்தரம், சிவப்பு சுலபம். நிறத்தின் ரகசியம் யாருக்கும் தெரியாது என்று நம்பினார். (நானும்தான். நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்ததையே மறந்துவிட்டோம் போல.)

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சிவப்புக்கு 'மக்குத் தாள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

3

இங்கே வாயாடி வர வேண்டும். வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் திணறிப்போவாள். பேச ஆரம்பித்தாலோ நிறுத்த ஆள் விட வேண்டும். சிவப்புத் தாள் வாங்கியதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

"ஏம்மா உம்முன்னு இருக்க?"

"பேசினா தப்பாயிடும் டீச்சர். நான் சிவப்பு."

[இந்த இடத்தில் அண்ணி அழுதார் என்று எழுதியிருந்தேன். "அழல. எரிச்சல்தான் வந்துச்சு, என் மேலேயே" என்றார். திருத்தம் செய்யப்பட்டது.]

4

அடுத்த வாரம் நிறங்கள் ஒழிந்தன. எல்லாருக்கும் ஒரே கேள்வி: அறிவிப்புப் பலகையின் ஓரத்துக்கு எவ்வளவு நாடா, அதை மூட எவ்வளவு காகிதம்? நூல், கத்தரிக்கோல், கட்டம் போட்ட தாள் எல்லாம் மேஜை மேல். வரையலாம், எழுதலாம், வாயால் சொல்லலாம், அவரவர் இஷ்டம். வகுப்பு சந்தைக்கடை ஆனது.

வாயாடி பலகையைச் சுற்றி நூல் பிடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வெளிய சுத்தி நடந்து வந்தா சுத்தளவு. உள்ள போர்வை விரிச்சா பரப்பளவு. இதுக்கா டீச்சர் இவ்ளோ பில்டப்பு?"

கதையை இங்கேயே முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பரீட்சை வந்துவிட்டது.

5

கேள்வி ஒரு பத்தி நீளம். வாயாடி முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டாள். படித்துக் காட்டலாமா என்று அண்ணி முந்தின நாளே கேட்டிருந்தார். "ஒருத்திக்கு மட்டும் படிச்சா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடந்துக்கணும்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

முடிவு அ: அண்ணி குனிந்து அவள் காதில் ரகசியமாக...

முடிவு ஆ: அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு...

"ரெண்டும் இல்ல தம்பி. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடந்துக்கிட்டேன்."

வகுப்பின் நடுவில் நின்று, மொத்தக் கேள்வியையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாராம். வாயாடியின் பேனா நகர்ந்தது. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் தலைதூக்கி, "இன்னொரு தடவை படிங்க டீச்சர்" என்றாள். இரண்டாம் தடவை பாதியில் இருக்கும்போது வாசலில் தலைமையாசிரியை.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"அதை நீ எழுதிக்கோ. நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

என்னால் எழுத முடியவில்லை. நீங்களும் பரீட்சை எழுதியவர்தானே? வாசலில் நிற்பவருக்கு ஒரு வசனம் கொடுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.