எதிரணிக்கு ஒரு நிமிடம்

நடேசனைப் போலப் பேச ஆள் கிடையாது என்று சொற்போர்க் கழகத்தில் எல்லாரும் சொல்வார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் மனைவி யோகம் சொல்வாள். இரண்டும் உண்மைதான். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. யோகம் மட்டும் கல்யாணமாகி வன்னியிலிருந்து வந்தவள்.

கழகம் கூடுவது ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். அதன் தலைவர் கோவிந்தசாமி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் வகுத்த வழக்கங்கள் இரண்டு. தலைப்பும் கட்சியும் மேடையிலேயே சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். கிடைத்த கட்சியைப் பேசியாக வேண்டும், அதில் உனக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, வென்றவர் கோப்பையைத் தொடுவதற்கு முன் எதிரணிக்காக ஒரு நிமிடம் பேச வேண்டும். தோற்றவர் முகம் வாடாமல் வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காக வைத்த மரியாதை அது.

அந்த ஆண்டு, அதாவது இரண்டாயிரத்துப் பதினான்கு செப்டம்பரில், இறுதிச் சுற்றுக்கு இரண்டு தலைப்புகள் போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்து பிரிய வேண்டுமா என்பது ஒன்று. ஈராக்கில் தீவிரவாதிகள்மேல் விமானத் தாக்குதல் நடத்துவது சரியா என்பது மற்றது. ஸ்காட்லாந்துதான் வரும் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அந்த வாரம்தானே அங்கே வாக்கெடுப்பு!

கழகப் பக்கமே எட்டிப் பார்க்காத யோகம், இந்தத் தடவை தானும் வருகிறேன் என்றாள். நடேசனுக்குத் தலைகால் புரியவில்லை. சில வாரங்களாகவே தொலைக்காட்சியில் ஸ்காட்லாந்துச் செய்தி வந்தால் சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"பிரியிறதோ இல்லையோ, அது அவையின்ரை விருப்பம்," என்றாள். "பேப்பரிலை கேக்கினம், பேப்பரிலை பதில் சொல்லுகினம். ஒரு பிளேனும் வரேல்லை. அதை நீங்கள் மேடையிலை ஒருக்காச் சொன்னால் போதும்."

சீட்டு என் கையிலா இருக்கிறது என்று நடேசன் சொல்லிப் பார்த்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை அவள் கேட்க வருவது இதுதான் முதல் தடவை.

சீட்டு எடுத்தார்கள். விமானத் தாக்குதல். அதிலும் நடேசனுக்கு விழுந்தது சரி என்ற கட்சி.

யோகத்தின் தம்பி தவராசா வன்னிப் போரில் விமானக் குண்டில் செத்தவன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அதை அவரிடம் சொன்னாள். குண்டு போடப் போகிறார்கள், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லாரும் போனார்கள். தவராசா மட்டும் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனான். சொல்லி முடித்துவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர்கள் கிளமெண்டி வீட்டில் ஒலித்ததே இல்லை.

தயாரிக்கக் கொடுத்த இடைவேளையில், எதிரணிப் பேச்சாளர் இர்ஃபான் அவரை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். மார்சிலிங்கில் இருக்கும் இளம் இன்ஜினியர், நல்ல பையன்.

"அண்ணே, சைடு மாத்திக்கலாமா? என் பேரை வச்சுக்கிட்டு நான் மேடை ஏறி குண்டு போடாதீங்கன்னு பேசுனா, வீடியோ பாக்குறவன் என்ன நினைப்பான்? ஆபீஸ்ல ஏற்கெனவே ஒரு மாதிரி பாக்குறாங்க லா."

நடேசனுக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருவரும் கோவிந்தசாமியிடம் ஓடினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட்டு எடுத்தாச்சு. பேச்சாளனுக்குச் சொந்தக் கட்சி கிடையாது, தம்பி. பிடிச்சதை மட்டும் பேசுறதுன்னா வீட்டுல உக்காந்து பேசலாமே."

இர்ஃபானாவது தன் காரணத்தைச் சொன்னான். நடேசனால் அதுவும் முடியவில்லை. அவருடைய காரணம் யோகத்துடையது. போட்டியே வேண்டாம் என்று விலகிக்கொண்டாலும் ஏன், எதற்கு என்று பிய்த்து எடுத்துவிடுவார்கள். சரி, ஏனோதானோவென்று பேசித் தோற்றுவிட்டு வீடு போய்ச் சேரலாம் என்று முடிவு கட்டினார். பாவம், தன் வாயை அவரே அறியாதவர்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது, அதாவது மோசமாக இருந்தது. நடேசன் முனகினார், தடுமாறினார், தண்ணீர் குடித்தார். மூன்றாவது வரிசையில் யோகம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அடுத்து இர்ஃபான் எழுந்தான். அவன் பேச்சு அவரைவிட மோசம். நான் தீவிரவாதத்தைக் கண்டிக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னான். சபையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சொன்னான். கண்டித்துக் கண்டித்தே அவனுடைய நேரம் தீர்ந்துபோயிற்று. செத்துப்போகும் சனங்களைப் பற்றிப் பேச வேண்டியவன், கடைசியில் ஒரு வாக்கியத்தில் அப்பாவிகள் பாவமில்லையா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மறுப்புரைக்கு நடேசன் மைக்கைப் பிடித்தார். எதிரே திறந்து கிடந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"அப்பாவிகள் என்கிறார் நண்பர். குண்டு விழுவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். வெளியேறுங்கள் என்று காகிதம் போடுகிறார்கள். எச்சரித்த பிறகும் திரும்பி அங்கே போகிறவன் யார்? அவன் அப்பாவியா?"

மண்டபம் அதிர்ந்தது. முன் வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். கைதட்டல் அடங்கிய பிறகுதான் தான் சொன்னது நடேசனுக்கே காதில் விழுந்தது. யோகத்தின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெற்றி நடேசனுக்கு. கேட்க வேண்டுமா? கோவிந்தசாமி கோப்பையைத் தூக்கிக் காட்டினார். எதிரணிக்கு ஒரு நிமிடம், வாங்க நடேசன் என்று கூப்பிட்டார்.

மறுபடியும் மைக். இந்த ஒரு நிமிடத்தில் தான் பேசியதையெல்லாம் அடித்து நொறுக்கிவிடலாம். அதற்கு வேண்டியது ஒரே ஒரு பெயரும் ஒரு மாடும். ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறார். அதையும் இந்த மேடையில் எடுத்து விளாசினால் அதற்கும் கை தட்டுவார்கள். தவராசாவை வைத்து இன்னொரு கைதட்டலா? தன்மேலேயே அருவருப்பு வந்தது அவருக்கு. யோகத்தைப் பார்த்தார். அவள் இப்போது தலையை நிமிர்த்தி அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பேசவே இல்லை. மணி அடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

ஒரு கணம் சபை திகைத்தது. பிறகு எழுந்து நின்று கை தட்டியது. இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தி எதிரணியின் வாதத்தை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார் என்று கோவிந்தசாமி தழுதழுத்தார். இப்படி ஓர் உத்தியைத் தாம் கண்டதே இல்லையாம். இர்ஃபான் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி அண்ணே என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வாய் திறந்தாலும் மாட்டிக்கொள்கிறோம், மூடினாலும் மாட்டிக்கொள்கிறோமே என்று நடேசனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அதையும் உத்தி என்பார்கள்.

கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதை கொள்ளாமல் நின்றது. அதற்குள் புகுந்து இருவரும் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறியதும் யோகம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடேசன் கால்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார்.

குவீன்ஸ்டவுன் தாண்டியதும் அவரால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சிரு யோகம். வாயில வந்துருச்சு. ஆனா கடைசியில நான் எதையும் சொல்லல. உன் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்."

அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் நான் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றாள். "அவன் மாட்டை அவிழ்க்கத்தான் போனவன் எண்டு. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, ஒருக்கா."

பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியே நடேசன் சொன்னார்: "தவராசா. என் மச்சான். மாட்டை அவிழ்க்கத்தான் போனான்."

எதிரே காதில் பாட்டுக் கேட்கும் கருவி மாட்டியிருந்த சீனப் பையன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது கிளமெண்டி என்று அறிவிப்பு வந்தது. யோகம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப ஆருக்குச் சொல்லுறியள்?" என்று கேட்டாள்.