கூடின சம்பளமும் குறையாத ஆளும்

தொழிலாளர் துறை அலுவலர் வந்து சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போன அன்று, மாரியூர் நண்டு கம்பெனியில் மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான். குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோழி இனிமேல் புதன்கிழமையும் கொதிக்கும் என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

பானுப்பிரியா அங்கே சூப்பர்வைசர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கத்தியும் கையுமாக வந்து உட்கார்ந்தவள். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத்துண்டு சேராமல் சதையை மட்டும் எடுத்து டப்பாவில் அடைக்க வேண்டும். டப்பா தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்து கப்பலேறும்.

சாயங்காலம் முதலாளி சஃபீர் அவளைக் கூப்பிட்டார். ஒன்பது வருஷம் துபாயில் ஹோட்டல் அடுப்படியில் வெந்து, அந்தப் பணத்தை அப்படியே இந்தக் கம்பெனியில் போட்டவர்.

"பானு, கவர்மெண்டு சொன்ன சம்பளத்தக் குடுக்காம ஒளிஞ்சுக்கிற ஆளு இல்ல நான். நாளைக்கு அல்லாவுக்குப் பதில் சொல்லணும். ஆனா பதினாலு பேருக்கும் குடுத்தா, கம்பெனியப் பூட்டிட்டு நான் மறுபடி பிளேன் ஏற வேண்டியதுதான். ரெண்டு பேர நிறுத்தணும். யாருன்னு நீயே திங்கக்கெழமை சொல்லு."

அவள் யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. அதுதான் அவளுக்குச் சங்கடமாயிருந்தது. ஒன்று, உமாமகேஸ்வரி. காலையில் நன்றாகத்தான் வேலை செய்வாள். மத்தியானத்துக்கு மேல் தலை தொங்கிவிடும். எடையில் எப்போதும் கடைசி. இன்னொருத்தி தஸ்னீம். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவள் அடைத்த டப்பாவில் ஓட்டுத்துண்டு கிடக்கிறதென்று தூத்துக்குடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பானுப்பிரியா உமாமகேஸ்வரியின் வீட்டுக்குக் கிளம்பினாள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தவளின் கன்னத்தில் பாய்த் தடம் பதிந்திருந்தது.

"வா பானு, ஒன்னத்தான் நெனச்சேன். லாட்ஜ் வேலைய விட்டுட்டேன்த்தா."

"எந்த லாட்ஜு உமாக்கா?"

"சாயல்குடியில. நாலு வருசமா ராத்திரிக்கு அங்கன ரூம் கூட்டி, துணி தொவைக்கிறேன். மக நர்சிங் படிக்கிறால்ல, இங்கன வாரது பத்தல. கடைசி பஸ்ஸப் புடிச்சு வந்து படுக்க மணி பன்னெண்டாயிரும். இனி இந்தச் சம்பளம் ஒண்ணே போதும். நேத்து எட்டரைக்கே படுத்துட்டேன். முழிச்சுப் பாத்தா சுள்ளுன்னு வெயிலு! யாரோ என்னையத் தூக்கிக்கொண்டாந்து வேற ஊருல போட்டுட்டாகன்னு பயந்தே போனேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பானுப்பிரியா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவள் வைத்த சாளைமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நான்கு வருஷமாக ஒருத்தி எதிரே தூங்கி விழுந்திருக்கிறாள், ஏனென்று ஒரு நாளாவது கேட்டோமா என்று நடக்கும்போது வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை சஃபீரிடம் நேராகச் சொன்னாள். "நான் பேரு சொல்ல மாட்டேன் பாய். ஒரு மாசம் பொறுங்க."

"ஒரு மாசத்துல நண்டு தங்கமாயிருமா?"

"போன வருசம் மட்டும் ஒம்பது புது ஆளு. கத்தி புடிக்கச் சொல்லிக்குடுத்து, கை படியுறதுக்குள்ள வேற எடத்துல கூடத் தாராகன்னு போயிட்டாக. அவுக பழகுறதுக்கு வீணாப்போன நண்டு எவ்வளவு? திரும்பி வந்த டப்பா எவ்வளவு? இந்தச் சம்பளத்த விட்டுட்டு இனி யாரு போவா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "சரி, ஒரு மாசம். ஆனா சாயங்காலம் டீயும் வடையும் இனிமே கம்பெனி செலவு இல்ல."

சம்பளம் கூடியதற்குக் கிளம்பிய சத்தத்தைவிட, வடை நின்றதற்குக் கிளம்பிய சத்தம் பெரிதாக இருந்தது.

தஸ்னீமைக் கத்தி வேலையிலிருந்து எடுத்து, சதையைச் சோதிக்கிற நீல விளக்கடியில் உட்கார வைத்தாள் பானுப்பிரியா. அந்த வெளிச்சத்தில் சதைக்குள் கிடக்கும் ஓடு பளிச்சென்று தெரியும். கத்தி பிடித்தால் நடுங்கிய பெண்ணுக்குக் கண் மட்டும் கழுகுக் கண். முதல் நாளே, "யக்கா, இங்கன ஒண்ணு கெடக்கு" என்று நகத்துணுக்கு அளவு ஓட்டை எடுத்து நீட்டினாள். மாதிரி காட்டுவதற்காகப் பானுப்பிரியாவே அடைத்த டப்பா அது! மேசை முழுக்கச் சிரிப்பு.

உமாமகேஸ்வரியோ மத்தியானத்தில் பாட ஆரம்பித்துவிட்டாள். ராகம் எப்படியோ, எடையில் மூன்றாவதாக வந்தாள்.

அந்த மாதம் தூத்துக்குடியிலிருந்து இரண்டே டப்பாக்கள்தான் திரும்பின. முன்பெல்லாம் ஒரு லோடுக்கே நாலைந்து திரும்பும். சஃபீர் வந்து நின்றார்.

"யாரையும் நிறுத்த வேணாம் பானு. முன்ன மாதிரி எனக்கு மிச்சமில்ல. பிளேன் ஏறுற அளவுக்கு மோசமும் இல்ல."

பானுப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் புதிதாக ஆள் எடுப்பதை அவர் நிறுத்திவிட்டார். பெருநாள் கழித்து வேலை தருவதாகப் பானுப்பிரியா சொல்லி வைத்திருந்த மின்ஹா என்ற பெண் வந்து கேட்டபோது, "இப்பதைக்கு இல்லம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. வாடிய முகத்தோடு அந்தப் பெண் போனது பானுப்பிரியாவுக்குப் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனிப் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து சாயல்குடிக்குத் துணி எடுக்கப் போனார்கள். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டியது மின்ஹா!

"வா யக்கா. உங்க கம்பெனி, உப்பளம் எல்லாத்துலயும் சம்பளம் கூடினதுல கடையில கூட்டம் தாங்கல. அதான் ரெண்டு பேரப் புதுசா எடுத்தாக."

பானுப்பிரியாவுக்கு மனசு லேசாகிவிட்டது. மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். "நம்ம ஆளுதான நீ. வெலையக் கொஞ்சம் கொறைச்சுக் குடு" என்றாள்.

"கொறைச்சா எனக்கு எப்படிக்கா சம்பளம் கூடும்?"

பானுப்பிரியா முழு விலையையும் கொடுத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டாள்.