முதலில் காலி லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்று சொல்வது அவர். வியாதி என்று சொல்வது அவருடைய மச்சினன். எந்த லிஃப்டைப் பழுது பார்த்தாலும் முதலில் அதைக் காலியாக மூன்று தடவை மேலும் கீழும் ஓட விடுவார். பிறகு இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட விடுவார். அதற்கும் பிறகு தான் மட்டும் ஏறி, மாடிக்கு மாடி நிறுத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். காய்கறிப் பையோடு வெளியே நிற்கிறவர்கள் பல்லைக் கடித்தாலும் சரி, அவர் "ம்" என்று தலையாட்டும்வரை ஒரு ஈகூட உள்ளே நுழைய முடியாது.

வீட்டிலும் இதே கூத்துதான். புது நாற்காலி வாங்கினால் முதலில் அதில் பெட்டிதான் உட்காரும். கல்யாணத்தன்று மணப்பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால், வாடகைக் காரைத் தான் மட்டும் தெருவை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தாராம். பதினாறு வருஷம் ஆகியும் மச்சினன் அதை விடுவதாயில்லை. 'காலி லிஃப்ட்' என்று பட்டப்பெயர் வைத்தவனும் அவன்தான். அவன் மோட்டார் சைக்கிள் விற்கிற ஷோரூமில் மேனேஜர். அவனுடைய வேகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள், ஒருவருக்கு மனைவி, இன்னொருவனுக்கு அக்கா. நூலில் பொம்மை பின்னுவது அவள் தொழில். கை படு சுறுசுறுப்பு. அதனால் வந்த வினை, அந்த இரண்டு அறை வீட்டில் மனிதர்கள் இருக்க இடமில்லை. துணி அலமாரியில் முயல்கள். கட்டிலுக்கு அடியில் யானைகள். குளியலறைக் கதவைத் திறந்தால் ஆக்டோபஸ் ஒன்று தோளில் விழும். மெக்கானிக் ஒரு வருஷமாக ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து முதுகில் குத்தக் குத்தத்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அதே கட்டிடத்தின் தரைத்தளத்தில், மூலையில், ஒரு அறை காலியாகிறது என்று தெரிந்ததும் அவள் தலைகால் புரியாமல் குதித்தாள். பல் டாக்டரம்மாவின் பழைய கிளினிக் அது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், சுவர் முழுக்க அலமாரி. டாக்டரம்மா ஐந்தாம் மாடியில் இருப்பவர். பல்லைப் பிடுங்கிய காலத்திலேயே சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள அட்வான்ஸ் என் கணக்குல வந்திரணும். நாலு அஞ்சுக்கு வந்தா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடுத்துருவேன். அவரு பணத்தைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அட்வான்ஸுக்கு வழி இருந்தது. ஆனால் அது இருந்த இடம்தான் விசித்திரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பொம்மைக் கடைக்காரி ஒருத்தி நானூறு முயல் வாங்கினாள். அவள் ஊர் பாங்கிலிருந்து இங்கே பணம் அனுப்ப வழியில்லாமல், கிரிப்டோ நாணயமாக அனுப்பிவிட்டாள். அது அவள் போனில், வாலட் என்கிற மின்பணப்பையில் பேசாமல் கிடந்து, இப்போது மூன்று மடங்கு ஆகியிருந்தது. அதை நாணயம் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் போட்டு, விற்று, பாங்குக்குக் கொண்டுவந்தால் போதும். பத்து நாள் முன்பே கணக்குத் திறந்து, கேமரா முன்னால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, சரிபார்ப்பெல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கே போட்டிருக்கலாம். விலை இன்னும் ஏறும், ஏறும் என்று மச்சினன் தினமும் போனில் தடுத்துக்கொண்டே வந்ததால் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. மெக்கானிக் அரை நாள் லீவு போட்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் இருந்த முயல்களைத் தரைக்கு இறக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"தேடிப் போகாத. விளம்பரத்துல போலி வெப்சைட் நிறைய இருக்குமாம். நான் குறிச்சு வச்சிருக்கேன் பாரு, அதுல போ," என்றார் மெக்கானிக்.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றான் மச்சினன். அக்காவின் போனைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போனான். சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. 'புரிந்தது' என்பதை அமுக்கினான். கட்டம் போய்விட்டது. "இந்தா அக்கா, டெபாசிட் முகவரி. காப்பி பண்ணியாச்சு. வாலட்ல ஒட்டிட்டேன். நெட்வொர்க்கும் அதேதான். மொத்தத்தையும் தட்டிவிடு."

நீளமான எழுத்தும் எண்ணுமாக இருந்த அந்த முகவரியை மெக்கானிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எக்ஸ்சேஞ்ச் பக்கம் முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு. வாலட் பக்கம் முதல் ஆறு, கடைசி ஆறு. எல்லாம் பொருந்தின.

"முகவரி சரி. ஆனா முதல்ல கொஞ்சமா அனுப்பு. ஒரு காபிக் காசு அளவு."

"மாமா! பல் பிடுங்கற அம்மா கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இப்பப் போயி காலி லிஃப்டா?"

அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் உங்க கச்சேரியை விட்டுடக் கூடாதா? நாலு மணி தாண்டிச்சுன்னா அந்த ரூம் போயிரும். அப்புறம் நீங்களும் ஒட்டகச்சிவிங்கியும் குடும்பம் நடத்துங்க."

"ரெண்டு நிமிஷம்," என்றார் அவர். கோபமாகவும் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிற கூட்டத்திடம் சொல்கிற அதே குரல். அந்தக் குரலோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை என்பது பதினாறு வருஷ அனுபவம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபிக் காசை அனுப்பினாள்.

வாலட்டில் பச்சை டிக் விழுந்தது. 'வெற்றி' என்று வந்தது. மச்சினன் கை தட்டினான். எக்ஸ்சேஞ்ச் கணக்கைத் திறந்தார்கள். பூஜ்யம்.

இரண்டு நிமிஷம் போனது. ஐந்து போனது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. பத்தாவது நிமிஷம் மச்சினன் பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"வாலட்ல போயிடுச்சுன்னு காட்டுது. இங்க வரலைன்னு காட்டுது. நடுவுல எங்கதான் போச்சு?" அவள் இரண்டு திரையையும் மாற்றி மாற்றித் தட்டினாள். "ஐயோ, மொத்தத்தையும் அனுப்பியிருந்தா?"

நானூறு முயலும், அதற்காக வீங்கிய விரல்களும் அந்த மூன்று பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்து போயின.

மச்சினன் சும்மா இருப்பானா? நடந்ததைத் தன் போனில் ஏதோ ஒரு கிரிப்டோக் குழுவில் எழுதிப் போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "பாத்தீங்களா, உதவி மையமே பேசுது! வாலட்டோட பன்னிரண்டு ரகசிய வார்த்தையை அனுப்பினா உடனே மீட்டுத் தர்றாங்களாம். அக்கா, அந்த வார்த்தை எழுதின சீட்டு எங்க?"

மெக்கானிக் எட்டி அவன் போனைக் குப்புறக் கவிழ்த்தார். "மாப்ள, அந்த வார்த்தைதான் வாலட்டுக்குச் சாவி. எனக்குச் சம்பளம் குடுக்கிற கம்பெனியே மெஷின் ரூம் சாவியைப் போன்ல கேக்காது. கேக்கிறவன் லிஃப்ட் ரிப்பேர் பண்ண வர்றவன் இல்ல."

மச்சினன் அசடு வழிந்தான். "அவசரத்துல..." என்று ஆரம்பித்து அங்கேயே விட்டுவிட்டான்.

மணி இரண்டு இருபது. வழியில் நின்றுபோன லிஃப்டை எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் மெக்கானிக் இதையும் பார்த்தார். நின்ற இடத்தில் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறக் கூடாது. முதல் பட்டனிலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும். டெபாசிட் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி திறக்கச் சொன்னார். சிவப்புக் கட்டம் மறுபடி வந்தது. மச்சினனின் கட்டைவிரல் தன்னால் 'புரிந்தது' பக்கம் போனது. அவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புரிஞ்சுது உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எப்பவும் வர்ற கட்டம்தானே மாமா..."

மெக்கானிக் நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். முகவரியோடு கீழே உள்ள மெமோ எண்ணையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். மெமோ இல்லாமல் வரும் நாணயம் உங்கள் கணக்கில் சேராது. கட்டத்துக்குக் கீழே, திரையைத் தள்ளினால் தெரிகிற இடத்தில், ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாலட்டைத் திறந்தால் அங்கே மெமோவுக்கென்று ஒரு குட்டிப் பெட்டி. அதற்குள் மங்கலாக 'விரும்பினால் மட்டும்' என்று எழுதியிருந்தது. இவர்கள் விரும்பவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மெக்கானிக் முகம் மெல்ல மலர்ந்தது. "அட, இதானா! இங்க பாரு. அந்த முகவரி நம்ம ஒருத்தருக்கு இல்ல. அங்க கணக்கு வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே முகவரி. நம்ம காசு சரியான பில்டிங்குக்குத்தான் போயிருக்கு. மெமோதான் மாடி பட்டன், அதை நம்ம அமுக்கவே இல்ல. கீழயே கதவைச் சாத்திக்கிட்டு நிக்குது."

அவளுக்குப் போன உயிர் வந்தது. "அப்ப காணாமப் போகலையா?"

"புகார் எழுதிப் போட்டா தேடித் தருவாங்களாம், நாளாகும்னு போட்டிருக்கு. வந்தா வரட்டும், போனா ஒரு காபி. இப்ப மெமோவோட இன்னொரு காலி லிஃப்ட் விடு."

இந்தத் தடவை யாரும் முனகவில்லை. முகவரியை ஒட்டினாள். மெமோவை ஒட்டினாள். இன்னொரு காபிக் காசை அனுப்பினாள். மச்சினன் நகத்தைக் கடித்தான். நாற்பது நொடி ஆகியிருக்கும். 'டிங்' என்றது போன்.

"வந்திருச்சு!" அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ஒரு யானையைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தாள். மச்சினன் இரண்டு முயலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான். மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் பழக்கம் விடுமா?

"வழக்கமா மூணு தடவை ஓட விடுவேன். அப்புறம் இரும்புக் கட்டி..."

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை முழுங்கிவிட்டார். "சரி, சரி. ஆளை ஏத்திடுவோம்."

மொத்தத் தொகை. முகவரியின் முதல் ஆறு, கடைசி ஆறு. மெமோவின் ஒன்பது இலக்கம். மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை பார்த்தார்கள். மச்சினன் இரண்டு தடவை பார்த்தான். அவன் வாழ்க்கையில் எதையும் இரண்டு தடவை பார்த்தது அதுதான் முதல் முறை. 'அனுப்பு' என்ற பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றது. நானூறு முயலின் உழைப்பு அந்த விரல் நுனியில் இருந்தது.

மெக்கானிக் தன் விரலை அவள் விரல்மேல் வைத்தார். எண்ணெய்க் கறை போகாத, தடித்த விரல். "பயப்படாத. நானும் கூட ஏறிக்கிறேன்," என்றார்.

சேர்ந்து அமுக்கினார்கள். டிங் என்று வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. விற்றார்கள். பாங்குக்கு மாற்றினார்கள். மூன்று நாற்பதுக்குப் பாங்கிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. "அதை நீயே பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் முகம் கழுவப் போனார். பழக்கப்படி ஆக்டோபஸ் தோளில் விழுந்தது. இன்றைக்கு அதன்மேலும் பிரியம் வந்தது. கன்னத்தில் தட்டி மாட்டிவிட்டார்.

சோப்பு நுரையோடு நிற்கும்போது வெளியே போன் அடித்தது. ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் குளியலறை வரைக்கும் கேட்டது.

"ஏம்மா! என் கணக்குல ஒத்தைக் காசு வந்திருக்கு. ஒத்தைக் காசு! இது அட்வான்ஸா, தருமமா? மணி என்ன தெரியுமா? மூணு நாப்பத்தாறு!"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணில் சோப்பு எரிய, துண்டும் கையுமாக ஓடி வந்தார். மேஜை முன்னால் மனைவி பதறாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற அவளா இது?

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா," என்றாள். "அது காலி லிஃப்ட். சரியான மாடிக்கு வருதான்னு பாத்தேன். வந்திருச்சுல்ல? இதோ, ஆளுங்க ஏறிட்டாங்க."

பொத்தானை அமுக்கினாள்.

"அக்கா, நீயுமா!" என்று மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில், முயல்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. பிறகு டாக்டரம்மாவின் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்டது.

"ம்ம், வந்துட்டாங்க. எல்லாரும் பத்திரமா வந்து சேந்துட்டாங்க. மேல வந்து சாவியை வாங்கிக்கோ. அப்படியே அந்த ஒத்தைக் காசையும் திருப்பி எடுத்துட்டுப் போ."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை. நுரை வழியும் முகத்தோடு நின்ற மெக்கானிக், "ம்" என்று தலையாட்டினார்.