ஏரிவரை போன பானெட்

ஹெல்விக்கு அப்போது பத்து வயது. அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடியில், ஏரியைப் பார்த்த சரிவின் உச்சியில் அவர்கள் வீடு. ஊர்ப் பிள்ளைகள் கடையில் வாங்கிய சறுக்குவண்டியில் இறங்குவார்கள். ஹெல்வியும் அவள் அண்ணன் ஆர்வோவும் அட்டைப்பெட்டியில் இறங்குவார்கள். பாதி வழியில் அட்டை ஊறிக் கூழாகிவிடும். மீதியை உட்காரும் இடத்தாலேயே தேய்த்து முடிப்பார்கள்.

பார்க்கச் சகிக்காமல் அப்பாதான் சொன்னார்: "என் பழைய கார் இனிமே கெளம்பாது. பானெட்டைக் கழட்டி மல்லாத்திப் போட்டு ஓட்டுங்க." சொல்லிவிட்டு மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த பனிப்புயல் ஓய்ந்தபோது வாசலில் இரண்டு வெள்ளை மேடுகள். ஒன்றின் அடியில் அப்பாவின் கார். இன்னொன்றின் அடியில் ஓன்னி மாமாவின் கார். அம்மாவின் தம்பியான அவர் பனிக்காலம் முழுக்க அதை அங்கேதான் நிறுத்திவைப்பார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு.

"எடதுபக்கம் இருக்கறதுதான் அப்பாது," என்றாள் ஹெல்வி.

"பெரிய மெக்கானிக்கு! வலதுபக்கம்தான், தோண்டு."

பக்கத்து வீட்டுக் கெர்ட்டு ஸ்பேனரோடு வந்து சேர்ந்தாள். போல்ட்டுகள் வெண்ணெயில் செருகியதுபோல வழுக்கிக்கொண்டு கழன்றன.

"அப்பா கார் இவ்ளோ பளபளன்னா இருந்துச்சு, அண்ணே?"

"பனி தேச்சு விட்டிருக்கு. பேசாம தூக்கு."

மூவரும் ஏறி உட்கார்ந்து ஓர் உந்து உந்தினார்கள். அவ்வளவுதான். திருப்ப வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. வேலி பனிக்கடியில் புதைந்து கிடந்ததால் அதற்கு மேலேயே பறந்தார்கள். கெர்ட்டுவின் தொப்பி ஒரு பக்கம் போயிற்று, அவள் அலறல் இன்னொரு பக்கம் போயிற்று. பானெட் உறைந்த ஏரியில் இறங்கி, வட்டமடித்துக்கொண்டே போய், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் உட்காரும் பலகைக் குடில் ஒன்றில் மோதியது. குடில் சாய்ந்தது. உள்ளேயிருந்து கையில் தூண்டிலோடு தவழ்ந்து வந்தவர் ஓன்னி மாமா.

அடி விழப்போகிறது என்று ஹெல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அட பாவிங்களா! என்னா வேகம்டா இது!" என்றார் மாமா. "தள்ளு, நான் முன்னாடி உக்கார்றேன்."

அன்று மத்தியானம் அவருக்கு மீன் நினைவே வரவில்லை. அவர் கனத்துக்குப் பானெட் இன்னும் வேகமாகப் போனது. ஒவ்வொரு தடவையும் குளிரில் தந்தியடிக்கும் பல்லோடு கத்திவிட்டு, முதல் ஆளாக இழுத்துக்கொண்டு மேடேறினார். "உங்கப்பன் காருக்கு உயிர் இருந்தப்பகூட இப்படி ஓடுனதில்லடா!"

பிறகு, அடியில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைச் சுரண்டுவதற்காக அதைக் கவிழ்த்துப் போட்டார். நடுவில் தட்டளவு பள்ளம்.

"டேய் ஆர்வோ."

"என்ன மாமா?"

"போன வருஷம் என் கார்ல ஒரு மான் வந்து விழுந்துச்சே. அது இடிச்ச எடம்தானே இது?"

ஆர்வோ வானத்தைப் பார்த்தான். ஹெல்வி கெர்ட்டுவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மாமா வாசலிலிருந்த பனிமேட்டுக்கு ஓடினார். அவருடைய எஞ்சினுக்கு மேல் பனி கொழுக்கட்டைபோல அமர்ந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது, குளிராலா கோபத்தாலா என்று தெரியவில்லை.

"அக்காகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. நானும் ஏறி ஆடுனேன்னு தெரிஞ்சா என்னைத்தான் மொதல்ல ஒதைப்பா," என்றார். "சரி, இன்னும் வெளிச்சம் இருக்கு. ஏறுங்க."

இருட்டுவதற்குள் நால்வருமாகப் பானெட்டைப் பொருத்தி, மேலே வாரி வாரிப் பனி போட்டு, பழையபடி மேடாக்கினார்கள்.

பனி கரைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காரை எடுக்க வந்தார். அம்மா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தவள், பெயின்ட் உரிந்து தகரம் மின்னிய பானெட்டின் முன்னால் நின்றாள்.

"ஏன்டா ஓன்னி, கரடி பிராண்டுச்சா?"

"ஆமாக்கா. கரடிதான். பெருசு."

ஆர்வோவுக்கு ரொட்டி புரையேறியது.

"தெரியும்டா," என்றாள் அம்மா. "அடுப்படி சன்னல்லேருந்து பாத்தேன். நாலு கரடி. அதுல பெருசுதான் எல்லாத்துக்கும் முன்னாடி உக்காந்து ஊளையிட்டுது."