பச்சை மூன்று

எங்கள் கால்பந்து கிளப்பின் ஸ்கோர் போர்டில் எண் மாட்டுவது நான். யாரும் என்னைக் கெஞ்சிக் கூப்பிடவில்லை. அண்ணன் கேப்டன், ஞாயிற்றுக்கிழமை அந்த ஆடுகிற ஏணியில் ஏற வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குப் பச்சை எண்கள், வந்தவர்களுக்குச் சிவப்பு. எல்லாம் தகரம், பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. கோல் விழுந்தால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கொக்கியில் மாட்ட வேண்டும்.

அந்த சீசனில் முதல் ஒன்பது ஆட்டத்தில் நாங்கள் போட்டது நாலே கோல். பச்சைப் பூஜ்யம் என் விரல் பட்டே பெயிண்ட் உரிந்துவிட்டது. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இரண்டு அணிகளைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். நாற்பது வருஷத்தில் எங்கள் கிளப் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அண்ணனுக்கு முப்பத்தாறு வயது, இதுதான் கடைசி சீசன். "என் காலத்துல எறங்கிச்சுன்னு யார் வாயிலயும் வரக் கூடாது" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார். போட்ட சாப்பாடு அப்படியே இருக்கும்.

பத்தாவது ஆட்டத்தன்று நல்ல மழை. போர்டுக்குப் பக்கத்திலேயே உடை மாற்றும் அறை. அண்ணன் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. எங்கள் கோல்கீப்பர் பேக்கரியில் வேலை பார்ப்பவன், அவனை எல்லோரும் 'ஓட்டை' என்றுதான் கூப்பிடுவோம். "அப்பாடா, இனிமே கிளப்புல ஓட்டை நான் மட்டும் இல்ல" என்றான். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பிளம்பர், ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். போர்டுக்கு அடியிலிருந்து ஒரு தகரத்தை உருவினார்.

"அண்ணா, அது நம்ம மூணு."

"நாம மூணு கோல் என்னிக்குப் போடப் போறோம்? கூரைக்காவது ஆகட்டும்."

மேலே ஏறி நாலு ஆணி அடித்தார். ஒழுகல் நின்றது. தோற்றதற்கெல்லாம் நான் அழுததில்லை. அன்றைக்கு ஏணியடியில் நின்று அழுதேன்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினோம். பகலெல்லாம் ஊரார் வீட்டுக் குழாயைச் சரிபண்ணிவிட்டு, சாயங்காலம் அத்தனை பேரையும் நாக்குத் தள்ள ஓடவிட்டார் அண்ணன். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முக்கி முனகிப் புள்ளி சேர்த்தோம். ஆனாலும் அதே இடம்தான். கடைசி ஆட்டத்தில் டிரா போதாது, ஜெயித்தே ஆக வேண்டும்.

அன்றைக்கும் மழை. எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை இரண்டுக்கு இரண்டு. கார்னரிலிருந்து வந்த பந்து அண்ணன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அழகான கோல் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோல்.

ஏணியில் ஏறி இரண்டைக் கழற்றினேன். அப்புறம்தான் உறைத்தது, மூன்று கூரையில் இருக்கிறது என்று.

கீழே நின்ற கிளப் செயலாளர் சிவப்பு மூன்றை நீட்டினார். "இத மாட்டும்மா, யாரு பாக்கப் போறா?"

"அவங்க மூணு நமக்கு எதுக்கு சார்? நாம போட்டது பச்சை."

கொக்கி காலியாகவே கிடந்தது. கடைசி நொடியில் அவர்கள் அடித்த பந்தை ஓட்டை பாய்ந்து பிடித்து, வயிற்றோடு அணைத்தபடி சேற்றில் கிடந்தான். நடுவர் விசில் ஊதினார்.

எல்லோரும் அண்ணனைத் தூக்க ஓடினார்கள். அவர் யார் கையிலும் சிக்கவில்லை. நேரே அறைக்குள் போய்ச் சுத்தியலோடு வந்தார், பூட்ஸோடு கூரையில் ஏறினார், நாலு ஆணியையும் பிடுங்கினார். துருவேறிய தகரத்தைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே மாட்டு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அண்ணன் வாயால் 'தப்பு' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கொக்கி இரண்டு தடவை தவறியது. மூன்றாவதில் மாட்டினேன்.

அறைக்குள் பெஞ்சின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை வாளியைத் தேடினான்.

"விடுடா, ஒழுகட்டும்" என்று சொல்லிவிட்டு, அதற்கு அடியிலேயே போய் உட்கார்ந்தார் எங்கள் பிளம்பர்.